ஏழு விநாடிச் சிவப்பு

தொலைபேசி மணி அடித்தால் இங்கர்லீஸ் முதலில் கையைத் துடைத்துக்கொள்வாள். கையில் ஈரம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஏப்ரனில் முன்னும் பின்னும் இரண்டு தடவை துடைத்து, விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகுதான் மெதுவாக நடந்து போவாள். அதற்குள் பெரும்பாலும் மணி நின்றுவிடும். நின்றதும் அவள் முகம் தெளிந்துவிடும். இருபத்தெட்டு வருடமாக இதைப் பார்த்துவந்த அவள் கணவன் டோர்கில், சாப்பாட்டுத் தட்டைவிட்டு எழுந்து ஓடிப்போய்த் தானே எடுக்கப் பழகியிருந்தான். கைபேசி வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. அதை அணைத்துக் கோட்டின் உள்பையில் போட்டு வைத்திருப்பாள்.

யாரோடும் சண்டை இல்லை, கோபம் இல்லை. பேச வராது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் அவளை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றாள். வாசிக்கவில்லை. மணி அடிக்கும்வரை புத்தகத்தோடு நின்றாள். அந்த வருடத்தோடு பள்ளியை விட்டு, தன் கடலோர ஊரான ஸ்டோர்க்ளிட்டின் மீன் கூடத்தில் தட்டை மீனுக்குச் சதை எடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே பேச்சு தேவைப்படவில்லை. கத்தி, குளிர்ந்த தண்ணீர், எதிர்ப்பக்கம் ஆறு பெண்கள். அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவள் யாருக்கு இன்று தோள் வலிக்கிறது, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கூடத்துக்கு ஐம்பது வருடம் நிறைந்தபோது படம் எடுக்க எஸ்பன் வந்தான். பக்கத்துச் சந்தை ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். திருமணம், தேவாலயத்தில் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்யும் உறுதிப்பூசுதல், இதெல்லாம் அவன் பிழைப்பு. அன்று ஈரத் தரையில் அவனுடைய விளக்குத் தாங்கி வழுக்கி விழுந்து உடைந்தது. ஃபிளாஷைக் கட்டிய கம்பை யாராவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். ஆறு பெண்களும் சிரித்து இங்கர்லீஸை முன்னால் தள்ளிவிட்டார்கள். நாற்பது நிமிடம் அவள் கம்பை ஆடாமல் பிடித்தாள். அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்கே வந்து கேட்டான். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் அவனுக்கு விளக்குப் பிடிக்கிறாள்.

ஃபிளாஷைக் கேமராவின் தலையிலேயே வைத்தால் முகம் மாவு பூசினதுபோலத் தட்டையாகிவிடும் என்பான் எஸ்பன். கழற்றித் தள்ளிப் பிடிக்கவேண்டும். எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதை இங்கர்லீஸ் பார்த்தே கற்றுக்கொண்டாள். மூக்கின் நிழல் மேலுதட்டில் இறங்கக்கூடாது. இரண்டு கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் விழவேண்டும். ஒருமுறை மின்னிய பிறகு ஃபிளாஷ் மறுபடி நிரம்ப நேரம் எடுக்கும். நிரம்பியதும் அதன் முதுகில் ஒரு சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்து அவள் “இப்ப” என்று சொல்வாள். எஸ்பன் தன் கையிலிருக்கும் கேமராவை அழுத்துவான். கம்பியில்லாமலே ஃபிளாஷ் மின்னும்.

“இவங்க வாயிலேர்ந்து வர்ற ஒரே வார்த்தை இதுதான்,” என்று எஸ்பன் கல்யாண வீடுகளில் சொல்லுவான். “அதுவும் ஏழு செகண்டுக்கு ஒருதடவதான் வரும்.”

அவள் அதற்குக் கோபப்பட்டதில்லை. உண்மைதான். அந்த ஃபிளாஷ் முழு வெளிச்சத்தில் நிரம்ப ஏழு விநாடி பிடிக்கும். அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான அந்த நவம்பரில் பல் டாக்டர் ஓலுஃப் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று வந்தார். அவர் கடலுக்குள் போனதே இல்லை. படகுத்துறையில் நின்றாலே தலை சுற்றும் என்று அவரே சொல்வார். ஆனால் காத்திருப்போர் அறையில் மாட்ட ஒரு படம் வேண்டும். மஞ்சள் மழையுடுப்பில், புயலுக்கு முன்னால், ஆபத்தில் சிக்கிய மாலுமி கொளுத்திக் காட்டும் சிவப்பு மத்தாப்பைத் தூக்கிப் பிடித்தபடி. பல்லுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். எஸ்பனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நிஜ மத்தாப்பைக் கொளுத்தக்கூடாது. அதனால் டாக்டர் கையில் வெறும் குழலைக் கொடுத்து, அதற்குப் பக்கத்தில் ஃபிளாஷை உயர்த்தி, அதன் வாயில் சிவப்புத் தாளை ஒட்டிவிடலாம் என்றான். வெளிச்சம் குழலிலிருந்தே வருவதுபோல இருக்கும்.

ஸ்டோர்க்ளிட்டில் கடற்கரையில் நெருப்போ வெளிச்சமோ காட்டுபவர்கள் முன்கூட்டியே மீட்புப் படகு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடவேண்டும். தோட்டத்துக் குப்பையைக் கொளுத்துவதென்றாலும் சொல்லவேண்டும். “நீங்களே சொல்லிடுங்க, உங்க வீட்டுக்காரரே அந்தப் படகுலதான இருக்கார்,” என்றான் எஸ்பன். இங்கர்லீஸ் தலையாட்டினாள்.

மற்ற நாட்களில் மீனவனான டோர்கில் புதன்கிழமையே மீன்பிடிக்கப் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது நிலையத் தலைவர் ஃப்ரோடெயின் எண். வியாழன் மாலை கைபேசியை வெளியே எடுத்து, கையைத் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தாள். வெள்ளி காலையில் ஒரு தாளில் எழுதினாள். ‘சனிக்கிழமை மாலை நான்கு மணி. வடக்குக் கல்வரிசை முனையில் படம் எடுக்கிறோம். சிவப்பு வெளிச்சம் தெரியும். யாரும் பயப்பட வேண்டாம். இங்கர்லீஸ்.’ வேலைக்குப் போகும் வழியில் நிலையத்துக் கதவில் இருந்த தபால் பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு நடந்தபோது, பெரிய வேலை ஒன்றை முடித்ததுபோல இருந்தது.

சனிக்கிழமை மதியம் டோர்கில் கரைக்கு வந்தான். கறுப்பு ரொட்டியும் ஈரல் பசையும் தின்றுவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போனான். அவள் அவனை எழுப்பவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு, போர்வையைப் போர்த்திவிட்டு வந்தாள்.

நான்கு மணிக்கு இருட்டத் தொடங்கியிருந்தது. அலையைத் தடுக்கப் போட்ட வடக்குக் கல்வரிசை கடலுக்குள் எண்பது அடி நீளும். மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. முனையில் அலை மோதும்போது நுரை ஆள் உயரத்துக்கு எழுந்தது. டாக்டர் கரையைப் பார்த்தபடி முனைக்கு அருகே நின்றார். எஸ்பன் பத்தடி தள்ளிக் கேமராவோடு முழங்காலிட்டான். இங்கர்லீஸ் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, கம்பை டாக்டரின் கைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“முகத்துல பயம் வேணும் டாக்டர்,” என்றான் எஸ்பன்.

“வேணும்னே வரவெக்க வேணாம்பா. ரொம்ப நேரமா இருக்கு,” என்றார் டாக்டர்.

இப்ப. சிவப்பு மின்னியது. நுரையெல்லாம் ரத்தமாகி மறைந்தது. ஏழு விநாடி. இப்ப. பத்துத் தடவை. பத்தாவதில் ஒரு அலை டாக்டரின் கணுக்காலை அறைந்தது, அவர் வாய் கோணியது, அந்த நொடியில் எஸ்பன் அழுத்தினான். திரையைப் பார்த்து, கிடைச்சாச்சு என்று கட்டைவிரலைக் காட்டினான்.

டாக்டர் நனைந்த காலோடு கற்களில் உட்கார்ந்து, குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டார். மூவரும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்கள். எஸ்பன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தெற்கே, மீட்பு நிலையத்தின் பெரிய கதவு திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். டிராக்டர் படகைத் தள்ளிக்கொண்டு மணலில் இறங்கியது.

“அடடா, இவங்க கொஞ்சம் முன்னாடி கெளம்பியிருந்தா நம்ம படத்துக்குப் பின்னாலயே வந்திருப்பாங்க,” என்றான் எஸ்பன்.

படகு தண்ணீரைத் தொட்டது. தண்ணீருக்கடியில் கிடக்கும் முதல் மணல்திட்டின் மேல் அலை வெள்ளையாக உடையும் இடத்தில் அதன் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. இரண்டாவது திட்டையும் தாண்டியபின் நேராக மேற்கே போகவில்லை. வடக்கே திரும்பியது. அவர்கள் இருந்த கல்வரிசைக்கு நேரே, வெளியே, நின்றது. அதன் தேடும் விளக்கு தண்ணீரின் மேல் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் துடைக்கத் தொடங்கியது.

இங்கர்லீஸ் எழுந்தாள். அவள் அந்த விளக்கைப் பார்த்தாள். கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். நுனியில் சிவப்புத் தாள் காற்றில் படபடத்தது.

எழுதிப் போட்டோமே என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்து அந்தப் பெட்டியை நினைத்தாள். மூடியில் துரு. அதற்குள் கை விட்டு யாராவது எடுத்து அவள் பார்த்திருக்கிறாளா? இல்லை.

அவள் எஸ்பனின் கையைத் தொட்டு, கம்பைக் காட்டி, படகைக் காட்டினாள். அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தான். ஃபிளாஷைப் போய் யார் அப்படி நினைப்பார்கள், வேறு ஏதாவது இருக்கும் என்றான். டாக்டரும் வேறு ஏதாவது இருக்கும் என்றார். இருவரும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லச் சொல்லக் குரல் தணிந்தது. எஸ்பனின் கைபேசி கரையில் காருக்குள் இருந்தது.

அவள் உள்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து உயிர்ப்பித்தாள். விரல் மரத்திருந்தது. படகின் விளக்கு ஒரு அலைக்குப் பின்னால் போய்விட்டு வந்தது. அந்தப் படகில் ஆறு பேர். சோபாவில் கிடந்தவன் எழுந்து ஓடியிருப்பான். அவள் கழற்றி வைத்த காலணியைத் தேடியிருப்பான்.

ஃப்ரோடெ எடுத்தார். பின்னால் வயர்லெஸ் கரகரத்தது.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஏழாம் வகுப்பில் வராததுபோலவே வரவில்லை.

“யாரு? பேசுங்க. ஆள் தேடிட்டிருக்கோம், லைனைப் பிடிச்சு வெக்காதீங்க,” என்றார் ஃப்ரோடெ. வைத்துவிட்டார்.

அவள் மறுபடி அழுத்தினாள். இம்முறை அவர் குரல் வருவதற்கு முன்பே, மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். “நாங்கதான் நாங்கதான்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எடுத்தார்.

“என்ன நீங்கதான்? லீஸா? டோர்கில் பொண்டாட்டியா?”

“சிவப்பு வெளிச்சம். ஃபிளாஷ். படம் எடுத்தோம்.”

ஃப்ரோடெ மெதுவாகக் கேட்டார்.

“எத்தன தடவ?”

“பத்து.”

“ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல?”

“ஏழு விநாடி.”

“ஈகோனும் அதத்தான் சொன்னார்,” என்றார் ஃப்ரோடெ.

ஈகோன் மணல்மேட்டின் உச்சியில் வீடு வைத்திருக்கும் பழைய படகுத் தலைவர். நாற்பது வருடம் இந்தக் கடலில் ஓடியவர். சமையலறை ஜன்னலிலிருந்து அவருக்குக் கல்வரிசை தெரியாது, மேட்டின் விளிம்பு மறைக்கும். மேட்டுக்கு மேலே கடல் மட்டும் தெரியும். அங்கே சிவப்பு ஏழு விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து மறைந்ததைப் பார்த்திருக்கிறார். கையில் பிடிக்கும் மத்தாப்பு விட்டு விட்டு எரியாது. ஒரு நிமிடம் தொடர்ந்து எரிந்து அணையும். அன்று அலையும் ஏழு விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் மத்தாப்பைப் பிடித்திருப்பவன் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கிறான், அலை தூக்கும்போது மட்டும் தெரிகிறான். ஒரு நிமிடம் கழித்து அது நின்றும்விட்டது. வேறொரு ஊர்க்காரன் கேமரா என்றிருப்பான். ஈகோன் அலையை எண்ணினார், உடனே நிலையத்தைக் கூப்பிட்டார்.

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க,” என்றாள் இங்கர்லீஸ்.

ஃப்ரோடெ முடியாது என்றார். உங்கள் வெளிச்சமும் இருந்திருக்கலாம், தண்ணீரில் ஒரு ஆளும் இருக்கலாம். ஈகோன் பார்த்தது உங்களுடையதுதான் என்று ஈகோன் சொல்லாமல் தேடலை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. காற்று ஏறுகிறது. இன்னும் ஏறினால் திட்டைத் தாண்டி உள்ளே வருவது கஷ்டம். அதனால் சீக்கிரம். அதே இடம், அதே உயரம், அதே வெளிச்சம். மறுபடி காட்டு. சிவப்பைப் பார்த்து அதை நோக்கி வரவேண்டாம் என்று படகுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும்போது அடி. போனை வைக்காதே.

அவள் கைபேசியைக் கம்பளித் தொப்பிக்குள், காதோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அவள் தப்பித்து ஓடிய ஒரு குரல் இப்போது மண்டைக்குள்ளேயே இருந்தது.

முனைக் கற்களை இதற்குள் தண்ணீர் மூடத் தொடங்கியிருந்தது. தானே போகிறேன் என்றான் எஸ்பன். கம்பை எவ்வளவு சாய்த்தோம், எந்தப் பாறை என்று அவனுக்குத் தெரியாது. அவன் டாக்டரின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கேமராவோடு அதே பழைய இடத்தில் உட்காரவைத்தாள். கையைக் காட்டித்தான் உட்காரவைத்தாள். பாறைக்குப் பின்னால் இறங்கியபோது தண்ணீர் காலணிக்குள் புகுந்தது. டாக்டர் ஓலுஃப் கடன் வாங்கிய மஞ்சள் உடுப்போடு கற்களில் குப்புறப் படுத்து அவள் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் நடுங்குவது அவள் முழங்காலில் தெரிந்தது.

“அடி,” என்றது காது.

“இப்ப,” என்று கத்தினாள்.

சிவப்பு. அவள் எண்ணினாள். ஏழு ஆயிற்று. ஃபிளாஷின் முதுகில் விளக்கு எரியவில்லை. எட்டு. ஒன்பது. எரிந்தது. “இப்ப.” அடுத்ததற்கும் ஒன்பதுக்குமேல் ஆயிற்று. ஐந்து தடவை அடித்தபிறகு ஃப்ரோடெ நிறுத்தச் சொன்னார். இன்னொரு தொலைபேசியில் அவர் ஈகோனோடு பேசுவது கேட்டது.

“இல்லன்றார்,” என்றார் ஃப்ரோடெ. “நிறம் அதுதானாம். ஆனா அது வேற, இது மெதுவா வருதுன்றார். தண்ணியில ஆள் இருக்குன்னு சொல்றார், லீஸ். நான் அவங்கள வெளியதான் விடணும்.”

வெளியே படகின் விளக்கு மேலே ஏறியது, இல்லாமல் போனது. அவள் மூச்சை அடக்கி எண்ணினாள். வந்தது. அது வருவதற்கு முன் எத்தனை எண்ணினாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒருவனைத் தேடி ஆறு பேர் சுற்றுகிறார்கள். அந்த இல்லாதவனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அவள். கம்பைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி, மணலில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றியது.

ஒன்பது. ஏன் ஒன்பது?

பேட்டரி. பத்துத் தடவை முழு வெளிச்சம், அதற்குப் பிறகு இந்தக் குளிரில் சும்மா கிடந்தது.

“பேட்டரி,” என்று எஸ்பனைப் பார்த்துக் கத்தினாள். அவன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாமா, அப்போது சீக்கிரம் நிரம்பும் என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். மங்கினால் இதுவும் வேறென்றுதான் ஈகோன் சொல்வார். குளிரில் பேட்டரி சாகாமல் இருக்க எஸ்பன் எப்போதும் நாலு புதிய பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பான். அவன் தவழ்ந்துவந்து நீட்டினான். சூடாக இருந்தன. நாலுதான் இருந்தன, ஒன்று கற்களுக்கு நடுவே விழுந்தாலும் முடிந்தது.

கையுறையைக் கழற்றினாள். கம்பைத் தொடையிடுக்கில் செருகி, ஃபிளாஷைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு, பழையதைக் கடலில் கொட்டினாள். இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஒரு அலை பாறைமேல் ஏறி அவள் முதுகில் உடைந்தது. டாக்டரின் பிடி வழுக்கியது. மறுபடி இறுகியது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதை விரல் நுனியால் தடவிப் போட்டாள். மூடியை அடைத்தாள். கம்பைத் தூக்கினாள்.

காதுக்குள், “அடி” என்றார் ஃப்ரோடெ.

“இப்ப.”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. சின்ன விளக்கு எரிந்தது. “இப்ப.” ஏழு. “இப்ப.” ஃப்ரோடெ நிறுத்தச் சொல்லும்வரை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியபிறகும் ஒருமுறை “இப்ப” என்றாள்.

காதுக்குள் அவர் ஈகோனிடம் விசாரிப்பது கேட்டது.

“அதேதான்னு சொல்றார்,” என்றார் ஃப்ரோடெ. “கூப்பிடறேன் அவங்கள. நீ கரைக்குப் போ.”

கரைக்கு வந்தும் பயம் விடவில்லை. வெளியே போவதைவிட உள்ளே வருவதுதான் கெட்டது என்று மீன் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். போகும்போது அலையை முகத்தில் வாங்கலாம். வரும்போது அது முதுகுக்குப் பின்னால் வரும். நிலையத்துக்கு முன்னால் மணலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். இங்கர்லீஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து ஒதுங்கி நின்றாள். அதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

படகு வெளித் திட்டைத் தாண்டியது. உள் திட்டுக்கு முன்னால் காத்து நின்றது, சின்ன அலை வரட்டும் என்று. வந்தது. அதன் முதுகில் ஏறிக் கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு பெரியது எழுந்தது. படகின் பின்புறம் தூக்கிக்கொண்டது, மூக்கு குத்தியது, விளக்கு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரைத் தொடுவதுபோல இறங்கியது. யாரோ ஒரு பெண் இங்கர்லீஸின் கையைப் பிடித்தாள். யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு அப்படியே சாய்ந்து நின்றது. பிறகு நிமிர்ந்தது. டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கியது.

ஆறு பேர் இறங்கினார்கள். டோர்கில் கடைசியாக, இடது கையை வலது கையால் நெஞ்சோடு பிடித்தபடி. படகு சாய்ந்தபோது இரும்புக் கைப்பிடியில் மணிக்கட்டு உடைந்திருந்தது. மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லை.

ஃப்ரோடெ வந்து அவள் முன்னால் நின்றார்.

“எழுதிப் போட்டிருந்தேன்,” என்றாள் இங்கர்லீஸ்.

“எதுல?”

அவள் பெட்டியைக் காட்டினாள். அவர் போய் அதைத் திறந்தார். திங்கள்கிழமை ஒருநாள்தான் அதைத் திறப்பது வழக்கம். மின்சார பில்லைத் தவிர அதில் எதுவும் வருவதில்லை. தாளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் முழுதும் படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

“கையெழுத்து நல்லா இருக்கு,” என்றார். “அடுத்த தடவ கத்து.”

சந்தை ஊர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் எஸ்பன் காரை ஓட்டினான். டோர்கிலும் அவளும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். டோர்கில் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள். பாதித் தூரம் போனபிறகு அவன் கேட்டான்.

“ரெண்டாவது தடவ அடிச்சது நீதானா?”

“ஆமா.”

“தெளிவா தெரிஞ்சுது. நான் பசங்ககிட்ட சொன்னேன், உயிரோட இருக்கறவன் பிடிக்கற வெளிச்சம் மாதிரியே இருக்குன்னு.” கொஞ்சம் கழித்து, “என் காலணிய எங்கதான் வெச்ச?” என்றான்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

திங்கட்கிழமை மீன் கூடத்தில் ஆறு பேரும் காலை முழுக்க வேறு எல்லாவற்றையும் பேசினார்கள். பத்து மணி காபிக்கு அவள் சிவப்புக் கழுத்துத் துணியை அவிழ்த்தபோது, எதிரே இருந்தவள், “ஃப்ரோடெக்கு சொல்லிட்டியா? அத வெளிய எடுக்கறியே,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் சேர்ந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்தக் கேலி இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

பல்லால் பேட்டரியைக் கடித்ததில் அவளுடைய கீழ்ப்பல் ஒன்றின் ஓரம் தெறித்திருந்தது. டாக்டர் ஓலுஃப் அதைச் சரிசெய்து கொடுத்தார். முப்பது வருடத் தொழிலில் பல்லுக்கு இவ்வளவு கெட்ட வேலை கொடுத்து யாரையும் பார்த்ததில்லை என்றார். படத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எஸ்பன் அவளுக்குத் திரையில் காட்டினான். ஒன்பது படத்தில் டாக்டர் பயப்படுவதுபோல நடிக்கிறார். பத்தாவதில் மட்டும் வாய் கோணி, கண் இரண்டிலும் சிவப்புப் பொட்டோடு, நிஜமாகவே பயந்திருக்கிறார். மூக்கின் நிழல் உதட்டைத் தொடவில்லை. நல்ல படம்தான். எடுத்ததிலேயே நல்ல படம். அதை எங்கும் மாட்டவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

ஈகோன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கடையில் பார்த்தால், “ஏழு விநாடி. எந்த மனுஷனும் அலைன்னுதான் நெனப்பான்,” என்பார். அவள் ஆமாம் என்பாள். அவள் அதை நம்பவும் செய்தாள். அவர் இடத்தில் இருந்தால் அவளும் அலையைத்தான் எண்ணியிருப்பாள்.

டோர்கிலின் மணிக்கட்டு கூடுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. கட்டு அவிழ்த்த மறுவாரம் மறுபடி படகுக்குப் போனான். போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கர்லீஸ் சனிக்கிழமைகளில் இப்போதும் விளக்குப் பிடிக்கிறாள். கடற்கரையில் படமென்றால் எஸ்பன் நிலையத்தோடு பேசுகிறான். அவன் பேசி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கிறாள். தண்ணீருக்கு அருகில் சிவப்புத் தாள் போடுவதில்லை. டோர்கிலுக்கு ஐம்பத்தொன்பது வயது ஆகிறது. இந்த நிலையத்தில் அறுபது வயதோடு மீட்புப் படகைவிட்டு இறங்கவேண்டும். அவன் பிறந்தநாள் மார்ச் மாதம் வருகிறது. அதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.